பிரெஞ்சு 'குவா', 'த்யு கூ', 'போங் பேங்': பேச்சில் ஒண்ணு, மெசேஜில் ஒண்ணா?

வண்ணார்பேட்டை_மாணவி:
டெல்ஃப் பி2 (பிரெஞ்சு மொழித் தேர்வு) எழுதப் போறேன். புத்தகத்துல 'தோங்க்' (அதனால), 'அலோர்' (அப்போ) வரைக்கும்தான் இருக்கு. பிரெஞ்சுக்காரங்க மெசேஜ்ல வரிக்கு வரி 'த்யு கூ', நடுவுல 'ஆங்ஃபேங்', கடைசியில 'குவா'. 'குவா'ன்னா 'என்ன'ன்னுதான படிச்சோம்? கேள்விக்குறி இல்லாம வந்தாலும் கேள்வியா? பரீட்சையில எதைப் போடலாம்? (மூக்கொலிக்கு 'ங்' போட்டிருக்கேன்.)

கல்லிடை_வாத்தியார்:
கேள்வி இல்லம்மா. வாக்கியத்தின் வாலில் வரும் 'குவா', "இதுக்கு மேல விளக்க வேண்டாம், புரிஞ்சிருக்கும்" என்று சொல்லி முடிக்கிறது. நாம "கூட்டம்னா கூட்டம், பாத்துக்கிடுங்க"ன்னு முடிக்கோம்லா, ஏறக்குறைய அந்த வேலை. பேச்சில் குரல் தாழ்ந்து, முந்தின சொல்லோடு ஒட்டி வரும். தனியா நிறுத்திக் குரலை ஏத்தினா நெசமாவே 'என்ன?' ஆயிரும். மெசேஜில் குரல் கிடையாது. அதனால கேள்விக்குறி இருக்கா இல்லையாங்கிறதுதான் அடையாளம். பழக்கத்தில் குறி போட்டுட்டீங்கன்னா எதிராளி குழம்புவார்.

வாக்கியக் கடைசியில வர்ற இன்னொரு சொல் 'ஏங்', அது வேற. 'குவா' பேச்சை மூடும், 'ஏங்' பதிலை இழுக்கும். "நாளைக்கு வாரியள்லா?" என்பதில் உள்ள 'லா'. எழுதும்போதும் பெரும்பாலும் கேள்விக்குறியோடதான் வரும்.

பாளை_மொழிபெயர்ப்பு:
'த்யு கூ' நம்ம 'அப்பம்'. அடிப்படைப் பொருள் 'அதனால'. இப்போ காரணமே இல்லாமலும், பேச்சைத் திருப்ப மட்டும் வருது: "அப்பம், எத்தனை மணிக்கு வாரிய?" பிரெஞ்சு அகாதெமி (பிரெஞ்சு மொழிக்கான அமைப்பு) இதைக் கண்டிச்சு எழுதியும் யாரும் விட்டபாடில்லை. மெசேஜ்ல டி, சி, பி மூணு எழுத்தாச் சுருங்கிரும் (நம்மூர்ல அது துணை கமிஷனர்!). வாய்மொழித் தேர்வுல ஒண்ணு ரெண்டு வந்தா இயல்பு. வாக்கியத்துக்கு ஒண்ணுன்னா வேற இணைப்புச்சொல் தெரியாதுன்னு ஆயிரும். எழுத்துத் தேர்வுல 250 சொல் கேப்பாங்க. அதுல வேண்டவே வேண்டாம். 'தோங்க்', 'பார் கோங்செக்காங்' (இதன் விளைவாக) போடுங்க.

'ஆங்ஃபேங்' கவனிக்க வேண்டியது. பேசும்போது வாய் தவறினதைத் திருத்த வரும். வேகத்துல வெறும் 'ஃபேங்' ஆயிரும். மெசேஜ்ல தப்பை அழிச்சுட்டே அனுப்பலாமே, பின்ன ஏன் விட்டுவைக்காங்க? திருத்தமா இல்ல, சொன்னதைக் கொஞ்சம் குறைக்க: "எல்லாரும் வாராங்க, ஆங்ஃபேங், பாதிப் பேரு." தயக்க ஒலி 'எஹ்' கதையும் இதுதான். வாயில தானா வரும். டைப் பண்ணினா வேணும்னே வருது. "எஹ்... இல்ல"ன்னு வந்தா, நீங்க சொன்னதை ஏத்துக்கலைன்னு அர்த்தம்.

பேட்டை_பையன்:
போன் பேச்சை முடிக்கதுக்கு 'போங் பேங்'. நம்ம "செரி, அப்பம்..." இருக்குல்லா, அச்சா அதேதான். அது இல்லாம நேரா 'வாறேன்'னு விடைபெற்றா வெடுக்குன்னு வச்ச மாதிரி இருக்கும். மெசேஜ்ல இது அவ்வளவா தேவைப்படாது.

'ஆ போங்'ல ஏமாறாதீங்க. 'ஆ, நல்லது' இல்ல, 'அப்படியா?'.

எம், டி, ஆர் எழுத்துகள் 'சிரிச்சே செத்தேன்'ங்கிறதோட சுருக்கம். சிரிக்காமலே போடுவாங்க, மறுப்பு உறுத்தாம இருக்க: "இன்னைக்கு முடியாது எம்டிஆர்".

கல்லிடை_வாத்தியார்:
தேர்வில் மதிப்பெண் போவது வேற இடத்துல: 'ஆங் ஃபெத்', 'ஆன் நெஃபெ'. முதலாவது எதிராளி நினைச்சதைத் திருத்தும், 'உண்மையில அப்படி இல்ல' என்கிற மாதிரி. கடைசி 'த்' ஒலிக்கும். இரண்டாவது சொன்னதை ஆமோதிக்கும், 'த்' கிடையாது. மாத்திப் போட்டா வாதமே தலைகீழாயிரும்.

வண்ணார்பேட்டை_மாணவி:
நன்றி சார். அலுவலக மெயில்ல 'வ்வாலா' ('அவ்வளவுதான்'ங்கிற மாதிரி) போடலாமா?

பாளை_மொழிபெயர்ப்பு:
கூட வேலை பாக்குறவங்களுக்கு, விளக்கத்தை முடிக்கும்போது போடலாம். மேலதிகாரிக்கோ தூதரகத்துக்கோ எழுதினா வேண்டாம்.