சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் நை தில்லிக்குத் தூதராக வந்தது எப்படி?

முனிர்கா வாசி:
வணக்கம். தில்லியில் யூபிஎஸ்சிக்குப் படிக்கிறேன். சென்னை மாகாணத்தின் கடைசி வெள்ளைக்கார கவர்னர் சர் ஆர்ச்சிபால்ட் நை, 1948 செப்டம்பரில் பதவி முடிந்து, அதே வருடமே இங்கே பிரிட்டனின் ஹைகமிஷனர் ஆகிவிட்டார். நேற்றுவரை நம்மை ஆண்டவரைத் தூதராக ஏற்க நம் அரசு எப்படிச் சம்மதித்தது? அவர் எப்படிப்பட்ட ஆள்? தமிழில் இரண்டு பத்திக்கு மேல் எங்கும் கிடைக்கவில்லை.

கரோல்பாக் பெரியவர்:
தம்பி, அவர் ஐசிஎஸ் (வெள்ளைக்காரர் காலத்து உயர் நிர்வாகப் பணி) அதிகாரி இல்லை, பட்டாளத்துக்காரர். 1895-ல் டப்ளினில் பிறந்தவர், அப்பாவும் பட்டாளம்தான். 1914-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, போர் நடக்கும்போதே அதிகாரியாகி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத் தலைமையில், தலைமைத் தளபதி ஆலன் புரூக்குக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். அந்தக் காலப் பிரிட்டனில் பெரிய குடும்பப் பின்னணி இல்லாமல் அவ்வளவு உயரம் போவது லேசான காரியமில்லை. 1946-ல் சென்னைக்கு வந்தார். சுதந்திரம் வந்த பிறகும் நம் அரசு வைத்துக்கொண்ட வெள்ளைக்கார கவர்னர்கள் இரண்டே பேர்: பம்பாயில் கோல்வில், சென்னையில் நை. அப்போது ஓமந்தூரார் அமைச்சரவை ஆட்சி நடத்த, இவர் கவர்னராக இருந்தார். ஆக, உன் கேள்விக்கான பதில் 1947-லேயே இருக்கிறது. நம்பிக்கை இல்லாமலா வைத்துக்கொண்டார்கள்?

ஆர்.கே.புரம் சரவணன்:
ஐயா சொன்னது சரி, ஆனால் நம்பிக்கை மட்டும் காரணமில்லை. 1950 ஜனவரி 26 வரை இந்தியா டொமினியன், அதாவது தன்னைத்தானே ஆண்டாலும் பிரிட்டிஷ் மன்னரையே மன்னராகக் கொண்ட நாடு; சட்டப்படி நமக்கும் ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர். நை தில்லிக்கு வந்தபோது அந்த மன்னரின் பிரதிநிதியாக கவர்னர் ஜெனரல் மாளிகையில் இருந்தது நம் ராஜாஜி! 1937-ல் சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதல்வர் போல) இருந்தவர் மேலே உட்கார்ந்திருக்க, சென்னை கவர்னராக இருந்தவர் லண்டனின் தூதராக வந்து நிற்கிறார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கிறது. அப்புறம்தான் நிஜமான சிக்கல்: குடியரசான பிறகு மன்னரை ஏற்காத நாடு காமன்வெல்த்தில் (பிரிட்டனும் அது ஆண்ட நாடுகளும் சேர்ந்த கூட்டமைப்பில்) இருக்கலாமா? 1949 ஏப்ரல் லண்டன் பிரகடனத்தில், மன்னரைக் காமன்வெல்த்தின் தலைவராக, ஓர் அடையாளமாக மட்டும் ஏற்றால் போதும் என்று முடிவானது. பேச்சு லண்டனில் நடந்தாலும் நேருவின் மனசை அறிந்து லண்டனுக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் நை. குடியரசான பிறகும் 1952 வரை இங்கேயே இருந்துவிட்டு, அப்புறம் கனடாவுக்கு ஹைகமிஷனராகப் போனார்.

முனிர்கா வாசி:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. இரண்டு நாடுகளுக்கும் ஒரே மன்னர் என்பதால்தான் அம்பாசிடர் இல்லாமல் ஹைகமிஷனரா?

ஆர்.கே.புரம் சரவணன்:
ஆமாம் தம்பி. ஒரு மன்னர் தனக்குத்தானே தூதர் அனுப்ப முடியாதே. குடியரசான பிறகும் அந்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. மேலும் படிக்க வேண்டுமென்றால் ஜன்பத் ஆவணக் காப்பகத்துக்கும் தீன் மூர்த்தி நூலகத்துக்கும் போ, 1948-49 நாளிதழ்களிலிருந்து ஆரம்பி.