ரோம் திரெவி நீரூற்று: வெள்ளிக்கிழமை காலையா, சனிக்கிழமை காலையா?

கேள்வி

வணக்கம். வெள்ளி காலை ரோம் வந்து சனி மதியம் கிளம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. தெர்மினி ரயில் நிலையம் பக்கத்தில் தங்கல். திரெவிக்கு எப்போது போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்? டிக்கெட் கட்டாயமா? அங்கே தண்ணீர் குடிக்கலாமா?

பதில் 1

சனிக்கிழமை காலை போங்கள். தொட்டியில் விழுந்த காசுகளை அள்ளித் துப்புரவு செய்வதால் திங்களும் வெள்ளியும் காலை 11:30-க்குத்தான் தொட்டியருகே இறங்க விடுவார்கள். மற்ற நாட்களில் 9 மணி.

டிக்கெட் 2026 பிப்ரவரியில் வந்தது, ஆளுக்கு 2 யூரோ. தொட்டியின் விளிம்புவரை இறங்குவதற்கு மட்டும்தான் அது. மேலே சதுக்கத்தில் நின்று பார்க்கக் காசு கிடையாது, இரவு 10-க்கு மேல் கீழே இறங்கவும் காசு கிடையாது. விளிம்புக்குப் படி இறங்க வேண்டும் என்பதால் அம்மா மேலேயே நிற்கட்டும். முழு முகப்பும் அங்கிருந்துதான் கண்ணுக்குள் அடங்கும்: 26 மீட்டர் உயரம், 49 மீட்டர் அகலம். கிட்டே போனால் கழுத்துதான் வலிக்கும்.

தெர்மினியில் மெட்ரோ ஏ, பத்திஸ்தீனி போகும் பக்கம் ஏறுங்கள். இரண்டாவது நிறுத்தம் பார்பெரினி. அங்கிருந்து தெல் த்ரித்தோனே சாலையில் இறக்கமாகவே நடந்து இடதுபக்கம் ஸ்தம்பேரியா தெருவில் திரும்பினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பத்து நிமிடம் போதும். திரும்பும்போது அதே சாலை ஏற்றம், அதனால் த்ரித்தோனே சாலையிலேயே பேருந்து பிடித்துவிடுங்கள். தரை முழுக்கக் கருங்கல் பாவியது. சின்னச் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வராதீர்கள், கல் இடுக்கில் மாட்டிச் சக்கரம் போய்விடும்.

பதில் 2

தண்ணீர் விஷயம். பெரிய தொட்டியில் ஓடுவது சுழற்சி நீர், குடிக்கக் கூடாது. நீரூற்றைப் பார்த்து நின்றால் வலதுபக்க ஓரத்தில் ஒரு சின்னக் குடிநீர்க் குழாய் உண்டு, காதலர் ஊற்று என்பார்கள். வழியில் தெருவோரம் நிற்கும் இரும்புக் குழாய்களும் குடிக்க ஏற்றவை. வளைந்த மூக்கு போலிருப்பதால் அவற்றுக்கு நசோனி, பெருமூக்கு என்று பெயர். நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வரும். அம்மா குனியாமலே குடிக்கலாம்.

திரெவிக்கு வரும் கால்வாய் கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா வெட்டியது. சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பகுதி நிலத்தடியில். அதனால்தான் நகரத்துக்குள் அது வெகு தாழ்வாக வந்து சேர்கிறது. ஸ்பானிய சதுக்கத்தில் மூழ்கும் படகு வடிவ நீரூற்றும் இந்தக் கால்வாயைச் சேர்ந்ததுதான். அழுத்தம் குறைவென்பதால் அதைத் தரைமட்டத்துக்கே அமைத்தார்கள். திரெவியில் அந்தக் குறையை அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் நிக்கோலா சால்வி மறைத்த விதம்தான் எனக்கு வியப்பு: தொட்டியைத் தெருமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இறக்கிவிட்டார். உயரத்திலிருந்து கொட்டுவது போலத் தோன்றுவதற்கு அந்தப் பள்ளமும் ஒரு காரணம். 1732-இல் தொடங்கிய வேலை 1762-இல், அவர் இறந்து பதினொரு ஆண்டு கழித்துத்தான் முடிந்தது.

பதில் 3

ஒளி பற்றி ஒரு வார்த்தை. முகப்பு தெற்கு பார்த்தது, சதுக்கமோ குறுகல். விடிகாலையில் முழுக்க நிழல், நடுப்பகலில் வெள்ளைக் கல் கண்ணைக் கூசும். படம் எடுக்க ஒன்பது மணியை ஒட்டிய மிதமான ஒளி நல்லது.

படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நடுவில் கடல்தேவன். அவர் முன்னால் இரண்டு குதிரைகள்: இடப்புறத்தது திமிறுகிறது, வலப்புறத்தது அடங்கி வருகிறது, கடலின் இரு குணங்கள். வலப்பக்க மாடத்தில் நலத்தின் தேவி, அவள் கையிலுள்ள கிண்ணத்தில் பாம்பு வாய் வைத்துக் குடிக்கிறது. அவள் தலைக்கு மேலுள்ள புடைப்புச் சிற்பத்தில் ஒரு கன்னிப்பெண் வீரர்களுக்கு ஊற்றைக் காட்டுகிறாள். கால்வாய்க்குக் கன்னிநீர் என்று பெயர் வந்த கதை அது. பாறைகளில் செதுக்கிய செடிகொடிகள் முப்பது வகை. அவற்றைப் பார்க்க மட்டும் 2 யூரோ கொடுத்துக் கீழே இறங்கலாம்.

காசு போடுவதானால் முதுகைக் காட்டி நின்று, வலக்கையால் இடத்தோளுக்கு மேலே எறிய வேண்டும். மேலிருந்து எறியாதீர்கள், கீழே நிற்பவர் தலையில் விழும். அள்ளிய காசு காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு வழியாக ஏழைகளுக்குப் போகிறது. விளிம்பில் உட்கார்ந்தாலோ தண்ணீரில் கால் வைத்தாலோ அபராதம். காசு எறியத் திரும்பி நிற்கும் நேரம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு வசதி, கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.