நாலு பாணி விஸ்கி, ஒரே மேசை: வரிசை, தண்ணீர், மதிப்பெண் எப்படி?

வடிசாலை:

வணக்கம் நண்பர்களே. நாலு பாணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்காக 50 மி.லி. சாம்பிள்கள் எடுத்து வைத்திருக்கிறேன். ரெட்பிரெஸ்ட் 12 (ஐரிஷ் பாட் ஸ்டில், அதாவது செப்புப் பானையில் வடித்தது, 40%), கிளென்ட்ரோனாக் 12 (ஷெர்ரி என்ற ஸ்பானிய வைன் ஏறிய பீப்பாய், ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட், 43%), வைல்ட் டர்க்கி 101 (அமெரிக்க போர்பன், 50.5%), ஆர்ட்பெக் 10 (பீட் என்ற சதுப்புநில மண்ணை எரித்த புகையேறியது, ஸ்காட்லாந்தின் ஐலா தீவு, 46%).

மூன்று இடங்களில் இடறுகிறது. கிளாஸில் மூக்கை வைத்ததும் காட்டம் மட்டும்தான் ஏறுகிறது. இரண்டாவது கிளாஸைத் தாண்டினால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது. மூன்றாவது, இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரே அளவுகோலில் எப்படி வைப்பது? ஆர்ட்பெக்குக்கு 85, ரெட்பிரெஸ்டுக்கும் 85 என்று போட்டால் அதற்கு என்ன பொருள்?

ஓக்கும் ஒயரும்:

முதல் இரண்டும் ஒரே நோய்தான். கிளாஸைப் பிடிக்கும் விதத்திலும் ஊற்றும் அளவிலும் சரியாகிவிடும்.

அகலமான டம்ளர் வேண்டாம். கிளென்கெய்ர்ன் மாதிரி அடி பருத்து வாய் குறுகிய கிளாஸ் நாலும் ஒரே அச்சில் இருக்கட்டும். இல்லையென்றால் கிளாஸ் வித்தியாசத்தை விஸ்கி வித்தியாசம் என்று எழுதிவிடுவீர்கள். ஒவ்வொன்றிலும் 15 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். அப்போது ஒரு சாம்பிள் மூன்று அமர்வுக்கு வரும். இந்த மாதிரி ஒப்பீட்டுக்கு ஒரு அமர்வு போதவே போதாது. ஊற்றியதும் கிளாஸ் வாயைச் சிறு தட்டால் மூடி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

வைனைச் சுழற்றுகிற மாதிரி இதைச் சுழற்றக் கூடாது. சுழற்றினால் எத்தனால் (ஆல்கஹால்) ஆவிதான் முதலில் கிளாஸ் வாயில் வந்து நிற்கும், காட்டம் அங்கிருந்துதான் வருகிறது. கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடித்து, உங்கள் வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். எந்த உயரத்தில் முதல் பழவாசம் வருகிறதோ அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் போக வேண்டாம். நீளமாக இழுக்காமல் சின்னச் சின்ன மோப்பமாக, ஒரு நாசி, பிறகு அடுத்த நாசி. மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கை மடிப்பை ஒருமுறை முகருங்கள், மூக்கு திரும்பிவிடும். பலர் காப்பிக்கொட்டை வைப்பார்கள். அது இன்னொரு வலுவான வாசனை, அவ்வளவுதான்.

நாலையும் முகர்ந்து முடித்து, நாலுக்கும் குறிப்பு எழுதிய பிறகே முதல் சொட்டு நாக்கில் படவேண்டும். இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு மடக்கு போனாலே தொண்டைவழியாக ஆவி மூக்குக்கு ஏறிவிடும், அடுத்த கிளாஸை அதன் வழியாகத்தான் முகர்வீர்கள்.

குடிக்கும்போது ஒரு மடக்கு 3 மி.லி. போதும். முதல் மடக்கு நாக்கைப் பழக்குவதற்கு, அதற்குக் குறிப்பு எழுதாதீர்கள். இரண்டாவதை எட்டுப் பத்து நொடி வாயில் வைத்து, விழுங்கியோ துப்பியோ, மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். பின்சுவை அங்கேதான் தெரியும். துப்ப ஒரு கிண்ணம் வைத்துக்கொள்வது நல்லது. நாலு கிளாஸும் விழுங்கினால் 60 மி.லி., மூன்றாவதிலேயே கணிப்பு தளர்ந்துவிடும்.

ஒரு மணி நேரம் முன்பிருந்தே பூண்டு, மசாலா, வெற்றிலை, காப்பி, பற்பசை எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம், குளிர் வாசனையைப் பூட்டிவிடும்.

கரிமண்:

மேலே ஓக்கும் ஒயரும் சொன்னதோடு தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துக்கோங்க. உங்க நாலு பாட்டிலும் நாலு வீரியத்துல இருக்கு. அப்படியே ஒப்பிட்டா பாணி வித்தியாசமா, ஆல்கஹால் வித்தியாசமான்னு பிரிக்கவே முடியாது. முதல் சுற்று அப்படியே, இரண்டாவது சுற்று எல்லாத்தையும் 40-க்கு இறக்கி.

கணக்கு லேசு. இருக்கிற மி.லி.-ஐ இப்போதைய சதவீதத்தால பெருக்கி, வேண்டிய சதவீதத்தால வகுங்க. வர்றதுல இருந்து இருக்கிறதைக் கழிச்சா சேர்க்க வேண்டிய தண்ணீர். 15 மி.லி. அளவுக்கு கிளென்ட்ரோனாக்ல 1.1 மி.லி., ஆர்ட்பெக்ல 2.3, வைல்ட் டர்க்கில 3.9. ரெட்பிரெஸ்டுக்கு ஒண்ணும் வேண்டாம். மருந்துக்கடையில ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச் வாங்கினா அளவு பிசகாது. இந்தியாவுக்குன்னு பாட்டில் பண்ணினதுல பல நேரம் 42.8% இருக்கும், அது பழைய பிரிட்டிஷ் அளவுமுறைல 25 அண்டர் புரூஃப்னு சொல்ற வீரியம். அதனால லேபிளைப் பார்த்துட்டு கணக்குப் போடுங்க.

தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீரா, அறை வெப்பத்துல இருக்கணும். குழாய்த் தண்ணீர்ல இருக்கிற குளோரின் வாடை ஆர்ட்பெக்கோட மருந்து வாசனையோட சேர்ந்தா ரெண்டும் எதுன்னு தெரியாது.

தண்ணீர் ஏன் வாசனையைக் கிளப்புதுன்னா, புகைவாசம் தர்ற குவாயகோல் மூலக்கூறு எத்தனாலோட ஒட்டிக்கும். ஸ்வீடன் லின்னேயஸ் பல்கலைக்கழகத்துல 2017-ல கணினில மூலக்கூறுகளோட மாடல் போட்டுப் பார்த்தாங்க. 45% வரைக்கும் அது எத்தனாலோட சேர்ந்து மேற்பரப்புல நிக்குது. 59%-க்கு மேல எத்தனால் அதைச் சுத்தி வளைச்சு உள்ளே இழுத்துக்குது. அதனாலதான் கேஸ்க் ஸ்ட்ரென்த் (தண்ணீர் கலக்காம பீப்பாய் வீரியத்துலயே அடைச்ச) பாட்டில் தண்ணீர் படுற வரைக்கும் ஊமையா இருக்கும். விஸ்கிகளைக் கலக்குற பிளெண்டர்கள் வேலைக்கு முகரும்போது 20% வரைக்கும் இறக்கிடுவாங்க, குறை ஒளிய இடமே இருக்காது. நீங்களும் கடைசி அமர்வுல ஒரு 5 மி.லி.-ஐ அப்படி இறக்கி முகர்ந்து பாருங்க. குடிக்கிறதுக்கு இல்ல.

ஆர்ட்பெக்ல தண்ணீர் விட்டதும் கலங்கினா பயப்படாதீங்க. அது குளிர்வடிகட்டல் (குளிர வச்சு, கலங்க வைக்கிறதை வடிகட்டி எடுக்கிறது) பண்ணாதது, 46%-க்குக் கீழே போனா நீளமான கொழுப்பமில எஸ்டர்கள் கரையாம நிக்கும். நாக்குல எண்ணெய்ப்பசை தர்றதே அதுதான்.

வரிசை: ரெட்பிரெஸ்ட், கிளென்ட்ரோனாக், வைல்ட் டர்க்கி, கடைசியா ஆர்ட்பெக். புகை எப்பவும் கடைசி. போர்பனை ஷெர்ரிக்கு முன்னால வைக்காதீங்க. புது ஓக்கோட வெனிலா இனிப்பு நாக்குல உட்கார்ந்துட்டா அடுத்து வர்ற ஷெர்ரி விஸ்கி காய்ஞ்சு கசக்கும், பாவம் அதுமேல தப்பில்ல.

செப்புக்கொப்பரை:

வரிசையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. எந்த வரிசையை எடுத்தாலும் சாய்வு இருக்கவே செய்யும். அதனால் இரண்டாவது அமர்வில் முதல் மூன்றையும் தலைகீழாக வையுங்கள்: வைல்ட் டர்க்கி (40-க்கு இறக்கியது), கிளென்ட்ரோனாக், ரெட்பிரெஸ்ட், பிறகு ஆர்ட்பெக். இரண்டு நாளும் நின்ற குறிப்பை மட்டும் நம்புங்கள், ஒரு நாள் மட்டும் வந்ததை அடித்துவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. மதிப்பெண்ணைப் பாணிக்குள் வைத்துப் போடவேண்டும். இந்த விஸ்கி எப்படிச் செய்யப்பட்டது, அதில் என்ன கிடைக்க வேண்டும், கிடைத்ததா என்று கேளுங்கள். புகை இல்லை என்று ரெட்பிரெஸ்டுக்கு மதிப்பெண் குறைக்க முடியாது. ஆனால் அதில் எண்ணெய்ப்பசையும் காரமும் இல்லாவிட்டால் குறைக்கத்தான் வேண்டும்.

பாட் ஸ்டில் பாணியில் முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத பார்லியும் தலா 30 சதவீதமாவது இருக்கவேண்டும் என்பது விதி. முளைகட்டாத பார்லிதான் அந்த வழவழப்பையும் சுக்கு மாதிரியான காரத்தையும் கொண்டுவருகிறது. ரெட்பிரெஸ்ட் மும்முறை வடித்தது, அப்படி வடித்தால் பொதுவாக மெலிதாகும். ஆனாலும் நாக்கில் கனமாக நிற்கவேண்டும்.

போர்பனில் குறைந்தது 51% மக்காச்சோளம், உட்புறம் கருக்கிய புது ஓக், பீப்பாய்க்குள் போகும்போது அதிகபட்சம் 62.5%. வைல்ட் டர்க்கி நாலாம் எண் கருக்கல், பலகை முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கும். ஆகவே அதில் வெனிலா, காய்ச்சிய சர்க்கரை, தேங்காய் எல்லாம் கண்டிப்பாக இருக்கும், அவற்றுக்குத் தனியாக மதிப்பெண் தராதீர்கள். அந்த மரத்துக்கு அடியில் தானியம் கேட்கிறதா, முடிவில் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்ட்பெக்கில் எல்லோரும் புகையைப் பேசுகிறார்கள். அதன் ஸ்பிரிட் ஸ்டில்லில் (இரண்டாம் முறை வடிக்கும் பானையில்) பியூரிஃபையர் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. கனமான ஆவியைப் பிடித்துப் பானைக்கே திருப்பி அனுப்பும். புகைக்கு அடியில் எலுமிச்சை பளிச்சென்று தெரிவதற்கு அதற்கும் பங்குண்டு. அந்த எலுமிச்சையைத் தேடுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: புகைவாசம் தரும் ஃபீனால்களின் அளவைச் சொல்லும் பி.பி.எம். எண் பார்லி மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லியில்) அளந்தது, பாட்டிலில் அல்ல. மாவு ஊறும்போதும் வடிக்கும்போதும் பாதிக்கு மேல் போய்விடும். ஃபீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் இறங்கும் என்பதால், வடிப்பவர் எங்கே வெட்டுகிறார் (சேகரிப்பதை நிறுத்துகிறார்) என்பது அந்த எண்ணுக்குச் சமமான விஷயம்.

மணம், சுவை, பின்சுவை, சமநிலை, தலா 25 என்ற பழைய முறையே போதும். ஆர்ட்பெக் 85, ரெட்பிரெஸ்ட் 85 என்றால் இரண்டும் தத்தம் பாணியில் ஒரே அளவுக்குத் தேறியிருக்கின்றன என்று பொருள். எது பிடித்தது என்பதைத் தனி வரியில் எழுதுங்கள். அதுவும் தேவையான தகவல்தான், ஆனால் மதிப்பெண்ணோடு கலக்காதீர்கள்.

வடிசாலை:

மிக்க நன்றி. முதல் சுற்று முகர்ந்தாயிற்று. உயரத்தில் நிறுத்தியதும் ரெட்பிரெஸ்டில் பழம் வந்துவிட்டது. இரண்டு சந்தேகம். கிளென்ட்ரோனாக்கில் திராட்சைக்குப் பின்னால் தீக்குச்சி உரசின வாடை மெல்ல வருகிறது, இது குறையா? போர்பனில் வயதே போடவில்லையே, 12 வருடத்தோடு அதை ஒப்பிடலாமா?

கரிமண்:

அது கந்தகம். வெறும் ஷெர்ரி பீப்பாய் கெட்டுப்போகாம இருக்க உள்ளே கந்தகத் திரி கொளுத்துறது உண்டு, அதோட மிச்சம் விஸ்கில இறங்கும். வடிக்கும்போது கந்தகத்தைப் பிடிச்சுக்கிற செம்பு போதாம நின்ன கந்தகமும் இருக்கலாம். கிளாஸைத் திறந்து 20 நிமிடம் வைங்க. தீக்குச்சி வாடை அடங்கி திராட்சை மேல வந்தா அது பாணியோட ஒரு ஓரம், விட்டுடலாம். ரப்பர், வெந்த முட்டைக்கோஸ் மாதிரி போகாம நின்னா குறை. சிலருக்குக் கந்தகம் தெரியவே தெரியாது, சிலருக்கு ஒரு துளி போதும். அதனால குறிப்பை இன்னொருத்தரோட ஒப்பிட்டுப் பாருங்க.

மற்ற குறைகளும் பார்த்துக்கோங்க. நெயில் பாலிஷ் வாடை தூக்கலா இருந்தா தலைப்பகுதி (வடிப்புல முதல்ல வர்றது) அதிகம் சேர்ந்திருக்கு. வியர்வை, பழைய சீஸ் மாதிரி வந்தா வால்பகுதியை (கடைசியா வர்றதை) நீளமா விட்டிருக்காங்க. நனைஞ்சு காயாத சாக்கு வாடைன்னா கார்க் கெட்டது, தண்ணீர் விட்டாலும் போகாது, அந்த பாட்டிலுக்கு மதிப்பெண் போடவே கூடாது.

வயசு: உங்க வைல்ட் டர்க்கி ஸ்ட்ரெயிட் போர்பன், அதாவது குறைஞ்சது ரெண்டு வருஷம் பீப்பாயில இருந்த வகை. அது நாலு வருஷத்துக்குக் குறைஞ்சா லேபிள்ல சொல்லியாகணும். எண் இல்லைன்னா குறைஞ்சது நாலு. கென்டக்கி கோடை, புது ஓக், இரண்டும் சேர்ந்தா மரம் சீக்கிரம் இறங்கிடும். கிளென்ட்ரோனாக்கோட 12 ஏற்கெனவே ஷெர்ரி பிடிச்ச பீப்பாயில, குளிர்ல. எண்ணை எண்ணோட ஒப்பிடாதீங்க. பெங்களூர் அம்ருத் வடிசாலையோட பீப்பாய்ல வருஷத்துக்கு 10-12 சதவீதம் ஆவியாப் போகுது, ஸ்காட்லாந்துல சுமார் 2. அஞ்சாவது கிளாஸ் சேர்க்கிறதா இருந்தா அம்ருத் ஃபியூஷன் (50%) வைங்க, இந்தியப் பார்லியும் பீட் ஏறிய ஸ்காட்லாந்துப் பார்லியும் சேர்ந்தது. இடம் ஆர்ட்பெக்குக்கு முன்னால.

நிறத்தை வச்சு வயசு சொல்லாதீங்க. ஸ்காட்சுல கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்குது. ஸ்ட்ரெயிட் போர்பன்ல கிடையாது.

மரிக்கொழுந்து:

குறிப்பு எழுதுவது பற்றி ஒன்று. ஆங்கிலக் குறிப்புகளில் வரும் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், மார்மலேட் எல்லாவற்றையும் அப்படியே எழுதாதீர்கள். நம் மூக்கில் ஏற்கெனவே பதிந்த சொல்லை எழுதினால்தான் ஆறு மாதம் கழித்து அதே வாசனை ஞாபகம் வரும். சில ஒப்புமைகள் வெறும் உவமைகூட இல்லை, அதே வேதிப்பொருள். ஓக் பலகையிலிருந்து இறங்கும் யூஜெனால்தான் கிராம்பிலும் இருக்கிறது. இளம் விஸ்கியில் வரும் வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட், பூவன் பழத்தை உரிக்கும்போது வருவதும் அதுவே. ஐலாவின் ஆஸ்பத்திரி வாடையில் கிரெசால் இருக்கிறது, பழைய லைசால் என்ற கிருமிநாசினிக் கரைசலிலும் அதுதான். விறகடுப்புப் புகையும் பீட் புகையும் ஒன்றல்ல. விறகில் இனிப்பான குவாயகோல் தூக்கல், பீட்டில் தார், மருந்து பக்கம் சாயும். இரண்டையும் புகை என்று ஒரே சொல்லில் எழுதினால் குறிப்பு பயன்படாது.

ஷெர்ரிக்கு உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு என்று பிரித்து எழுதுங்கள். மூன்றும் வேறு வேறு அடர்த்தி.

மூன்றாவது அமர்வைக் கண்மறைத்துச் செய்யுங்கள். கிளாஸ் அடியில் எண் ஒட்டி வேறொருவர் ஊற்றட்டும். நாலு பாணியை இப்படி அடையாளம் காண்பது சுலபம். கடினமானது முக்கோணச் சோதனை: மூன்று கிளாஸில் இரண்டு ஒன்றே, ஒன்று வேறு. ரெட்பிரெஸ்டும் 40-க்கு இறக்கிய கிளென்ட்ரோனாக்கும் போதும், கிளாஸுக்கு 2 மி.லி., முகர்வதற்கு மட்டும். ஆறு தடவையில் ஐந்து சரியென்றால் குருட்டாம்போக்கில் வந்திருக்க வாய்ப்பு 100-க்கு 2-க்கும் குறைவு.

முடிந்ததும் கிளாஸ்களைக் கழுவாமல் கவிழ்க்காமல் வைத்துவிட்டு மறுநாள் காலையில் முகருங்கள். ஆல்கஹால் போயிருக்கும். ஆர்ட்பெக் கிளாஸில் அணைந்த அடுப்புச் சாம்பல், போர்பன் கிளாஸில் மரத்தூளும் வெல்லமும், ரெட்பிரெஸ்டில் பார்லி மாவு அப்படியே தெரியும். கிளென்ட்ரோனாக் கிளாஸில் அந்தத் தீக்குச்சி இன்னும் நிற்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மிச்சமுள்ள சாம்பிளைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி, நிமிர்த்தி, வெளிச்சம் படாமல் வையுங்கள். வைன் மாதிரிப் படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும்.