மூன்று புள்ளிக்குப் பொருந்துகிற பரவளையம் ஐந்துக்குப் பொருந்தவில்லை

செங்கோட்டை பக்கம் புளியரையில் இருந்து எழுதுகிறேன். மகள் பிளஸ் ஒன். தோட்டத்து ஹோஸ் பைப்பில் இருந்து பாயும் தண்ணீரின் வளைந்த பாதைக்கு (பரவளையம்) இருபடிச் சமன்பாடு கண்டுபிடிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஒப்படைக்கணும்.

பின்சுவரில் கட்டம் வரைந்து, செல்போனில் படமெடுத்து அளந்தோம். செ.மீ.யில் (தூரம் எக்ஸ், உயரம் ஒய்): (0, 100), (20, 116), (40, 124), (60, 122), (80, 109).

முதல் மூன்றையும் பிரதியிட்டால் ஒய் = -0.01 எக்ஸ்² + எக்ஸ் + 100. ஆனால் இதில் 80க்கு 116 வருகிறது, அளந்தது 109. கடைசி மூன்றை எடுத்தால் எக்ஸ்² குணகமே -0.01375 ஆகிவிடுகிறது. இரண்டாம் வேறுபாடுகள் (அடுத்தடுத்த உயரங்களின் வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசம்) சமமாக இருக்க வேண்டுமே, -8, -10, -11 என்று வருகின்றன. மூன்று தடவை சரிபார்த்துவிட்டோம், கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

பைப் மேற்கு பார்த்து இருந்தது. இப்போது ஆடி மாசம், ஆரியங்காவு கணவாய்க் காற்று எதிரே வீசிக்கொண்டிருந்தது. அப்புறம், படத்தைச் சற்றுச் சாய்வாக எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. பிள்ளை அளவுகளை மாற்றி எழுத மாட்டேன் என்கிறாள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

கணக்கு ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்: இந்த ஐந்து புள்ளிகளுக்கும் மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி) ஒரே சமன்பாடு போடலாமா, இல்லை காற்றில்லாத நேரத்தில் மறுபடி அளக்க வேண்டுமா?