பழ ஈக்குத் தீனி போட்ட கதை

மலேசியாவின் பீடோரில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் கொய்யா. அப்பாவும் வீட்டுக்குப் பின்னால் நாலு கொய்யா மரம் வைத்திருக்கிறார். காய் பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் பை கட்டிவிடுவார். தப்பிய காயில் பழ ஈ முட்டையிட்ட இடம் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளியாகத் தெரியும். அறுத்தால் உள்ளே புழு. எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்த ஈயை வெளியே விடுவதற்காக ஆய்வகத்தில் வளர்ப்பது என்று சொன்னதும், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்குச் சம்பளம் வேற கொடுக்கிறாங்களா?" என்றார்.

ஈ வளர்ப்பது லேசு என்றுதான் நானும் நினைத்தேன். வலைக்கூண்டுக்குள் 3 பங்கு சீனி, 1 பங்கு ஈஸ்ட் புரதம் வைப்போம். புரதம் இல்லாவிட்டால் பெண் ஈக்கு முட்டை சரியாக முதிராது. முட்டையிட, பொடி ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் போத்தல். உள்ளே கொய்யாச் சாறு தடவியிருக்கும். வெளியே நின்றபடி ஓட்டைக்குள் முட்டையிட வேண்டும். ஆனால் காட்டிலிருந்து வந்த ஈக்கள் போத்தலைச் சீண்டக்கூட இல்லை. நிஜப் பழம் வைத்துத்தான் ஆரம்பித்தோம். சில தலைமுறை கடந்த பிறகே போத்தலுக்குப் பழகின. கூண்டுக்கு இப்படிப் பழகிப்போனவை, வெளியே விட்டால் அந்தி மயங்கும் நேரத்தில் மரத்தில் காட்டு ஈயோடு போட்டி போட்டு ஜோடி பிடிக்குமா? என்னைக் கேட்டால், எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட இதுதான் பெரிய தலைவலி.

முட்டைகளைத் தண்ணீரில் அலசி, அளந்து, தட்டில் ஊற்றுவோம். தட்டில் கோதுமைத் தவிடு, சீனி, ஈஸ்ட், பூசணம் பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் அமிலம். அறை முழுக்கப் பழைய கள்ளுக்கடை வாடை!

ஒரு தடவை, நிறைய ஈ கிடைக்கட்டுமே என்று அளவுக்கு மேல் முட்டை ஊற்றிவிட்டேன். அஞ்சாம் நாள் தட்டைத் தொட்டால் காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி கொதிக்கிறது. புழுக்கள் நெருக்கியடித்துத் தின்னும்போது அவற்றின் உடம்புச் சூடே தட்டைச் சூடாக்கிவிடும். மறுநாள் காலை கதவைத் திறந்தால் தரையெல்லாம் புழு. தலையையும் வாலையும் வளைத்து ஸ்பிரிங் மாதிரி எகிறும் சாதி அது. கூட்டுப்புழுவாகும் முன் தட்டைவிட்டுக் கீழே இருக்கும் மரத்தூளில் குதிப்பது வழக்கம்தான், ஆனால் இவை வளர்ச்சி முடியாமலே குதித்துவிட்டன. மரத்தூளைச் சலித்துப் பார்த்தால் கூட்டுப்புழுக்கள் எல்லாம் சோளக்குறுணை அளவு. பாதிக்கு மேல் ஈயாகவே வரவில்லை. மேலதிகாரி திட்டவில்லை, துடைப்பத்தை மட்டும் நீட்டினார்.

லூனாஸிலிருந்து ஒரு பதில்:
தங்கச்சி, எங்கள் வீட்டுத் துளசியைக் கசக்கிப் போட்டால் இந்த ஈ மொய்க்கிறதே, அது ஏன்? அப்புறம், வளர்த்து வெளியே விட்டால் ஈ கூடத்தானே செய்யும்?

பீடோர்க்காரர்:
அண்ணே, துளசியில் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. ஆண் ஈக்குப் பைத்தியம் பிடிக்க அது போதும். மொய்ப்பதில் பெண் ஈ அநேகமாக இருக்காது, பாருங்கள். இரண்டாவது கேள்விதான் அப்பாவும் கேட்டார். கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவர 2 நாள் இருக்கும்போது காமா கதிர் பாய்ச்சி மலடாக்கிவிடுவார்கள். அந்த ஆண் ஈயோடு சேர்ந்த பெண் ஈ முட்டையிடும், ஆனால் பொரிக்காது. இப்படி மலட்டு ஈக்களைத் திரும்பத் திரும்ப விட்டுத்தான் ஜப்பானின் ஒக்கினாவாவில் பாகற்காயைக் கெடுத்த ஈயை 1993-க்குள் அடியோடு ஒழித்தார்கள். 1972-இல் தொடங்கிய வேலை. ஆனால் அவையெல்லாம் தீவுகள், கடல் தாண்டிப் புது ஈ வருவது குறைவு. இங்கே நாலு மரத்துக்கு மட்டும் செய்தால் பக்கத்துத் தோட்டத்து ஈ அன்றைக்கே வந்துவிடும்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்த ஏணியைக் கொஞ்சம் பிடி" என்று பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.