வெள்ளிக்கிழமை ஆனா தானா ஏறுற சவுண்டு

குரூப்: வேலூர் சொந்தங்க

சனிக்கிழமை

காட்பாடி அத்த, காலை 8:12
அண்ணா நேத்து சாயங்காலம் மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு இந்த டிவி. நான் ரிமோட்ட தொடவே இல்ல, சவுண்டு தானா ஏறிக்கினே போவுது 20, 30, 50ன்னு, ஆயா காத பொத்திகினு உள்ள போயிட்டாங்க, அப்புறம் இன்னா இன்னாவோ கட்டம் கட்டமா வருது, அப்புறம் தானா ஆஃப் ஆவுது. போன மாசம்தான் 3,800 குடுத்து போர்டு மாத்துனோம்

பெரிப்பா, 8:20
எந்த போர்டு மாத்துனாங்க, மெயின் போர்டா

காட்பாடி அத்த, 8:21
ஆமா அண்ணா மெயின் போர்டுன்னுதான் பில்லுல எழுதிகீது. கடையில ரெண்டு நாள் ஓட விட்டு பாத்தாங்களாம் ஒரு கம்ப்ளைண்டும் வரலயாம். அப்புறமும் போர்டுதான்னு சொல்லி மாத்திட்டாங்க. வீட்டுக்கு வந்து நாலு நாள் நல்லா ஓடுச்சு

சித்தப்பா, 8:30
அக்கா 7 வருஷம் ஆச்சு அந்த டிவிக்கு. இனிமே செலவு பண்ணாதீங்க எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு புதுசு எடுத்துடுங்க

பெரிப்பா, 8:41
தம்பி இருடா. கடையில ரெண்டு நாள் வராத கம்ப்ளைண்ட் வீட்ல வருதுன்னா, வீட்ல இருக்கிற ஏதோ ஒண்ணு கடையில இல்லன்னு அர்த்தம். அது இன்னான்னு கண்டுபுடிக்காம பொருள மாத்தி இன்னா பிரயோஜனம், நாளைக்கு புது டிவி வாங்குனாலும் அதே வீட்லதான வெப்ப. பாப்பா நீ முதல்ல ரிமோட்லேர்ந்து பேட்டரிய கழட்டி வெச்சிடு. அடுத்த தபா வரும்போது ஒரு வீடியோ எடுத்து போடு

குமார், 8:50
பெரிப்பா வோல்டேஜ் பிராப்ளமா இருக்குமா? சாயங்காலம் ஆனா காட்பாடி சைடு லைட்டெல்லாம் மங்குது

பெரிப்பா, 9:02
நல்ல கேள்விதான். ஆனா இப்ப வர எல்இடி செட்டு சப்ளை 100லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், பின்னாடி ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும் பாரு. அப்படியே வோல்டேஜ் எறங்குனாலும் செட்டு ஆஃப் ஆவும், திரும்ப ஆன் ஆவும், அவ்ளோதான். இங்க சவுண்டு ஒண்ணு ஒண்ணா ஏறுது, மெனு வருது. அப்ப செட்டு நல்லா உயிரோடதான் கீது, யாரோ பட்டன அமுக்குறாங்கன்னு நெனச்சிகினு அது சொன்னத செய்யுது. அமுக்குறது யாருன்னுதான் நாம பாக்கணும். ரிமோட்டா, ரிமோட் சென்சாரா, கீழ இருக்கிற பட்டனா, இந்த மூணுல ஒண்ணு

குமார், 9:04
ரிமோட்ல பட்டன் ஒட்டிகினு இருக்கலாம்ல, மொபைல் கேமராவுல ரிமோட்ட காட்டுனா முன்னாடி பல்பு ஊதா கலர்ல எரியுறது தெரியும்ல, நாம அமுக்காமயே எரிஞ்சா ரிமோட்தான் கம்ப்ளைண்ட்

பெரிப்பா, 9:06
கரெக்ட். செல்ஃபி கேமராவுல பாரு, சில போன்ல பின் கேமராவுல தெரியாது. ஆனா பேட்டரியவே கழட்டிட்டா அந்த சந்தேகமே இல்ல

ஆற்காடு சித்தி, 9:15
மாமா நடுவுல கேக்குறேன் தப்பா நெனச்சிக்காதீங்க, எங்க டிவில சத்தம் வருது படம் வரல, ஒரே கருப்பு. பேனல் போச்சுன்னு இங்க ஒருத்தர் சொல்லிட்டாரு

பெரிப்பா, 9:19
பேனல்னு எப்படி சொன்னாராம், கழட்டி பாத்தாரா. நீ ராத்திரி ரூம் லைட்ட அணைச்சிட்டு டிவிய போடு, போன் டார்ச்ச திரைகிட்ட சாய்வா புடிச்சி உத்து பாரு. மங்கலா ஆளுங்க நடமாடுறது தெரிஞ்சா பேனல் நல்லாதான் கீது, பின்னாடி வெளிச்சம் குடுக்குற எல்இடி ஸ்டிரிப்தான் போயிருக்கும்

ஆற்காடு சித்தி, இரவு 8:05
மாமா தெரியுது!! நியூஸ் படிக்கிறவங்க மூஞ்சி மங்கலா தெரியுது

பெரிப்பா, 8:11
அப்ப பேனல் காசு மிச்சம். அந்த எல்இடி எல்லாம் கோயில் திருவிழா சீரியல் செட்டு மாதிரி வரிசையா கோத்திருக்கும், ஒரு பல்பு கட் ஆனா மொத்தமும் இருட்டு. மாத்தும்போது எல்லா ஸ்டிரிப்பையும் சேத்து மாத்த சொல்லு, ஒண்ண மட்டும் மாத்துனா மிச்சதும் அதே வயசுதான, ஆறு மாசத்துல அடுத்தது போவும். மாத்துன அப்புறம் செட்டிங்ஸ்ல பேக்லைட்ட 100ல வெக்காத, 60, 70ல வை, பல்பு ரொம்ப நாள் வரும்

ஞாயிற்றுக்கிழமை

சித்தப்பா, காலை 7:40
அண்ணா நேத்து ஒரு கம்ப்ளைண்டும் வரலயாம். அந்த கடைக்காரன் சொன்னதுதான் கரெக்டா இருக்கும் போல, எப்பவாச்சும் வரும்னு

பெரிப்பா, 8:25
எப்பவாச்சும் வர்றதுக்கும் ஒரு காரணம் கீது தம்பி. 92, 93 இருக்கும், அப்ப லாங்கு பஜார் பக்கம் கடை வெச்சிருந்தேன். ராணிப்பேட்டைலேர்ந்து ஒரு கலர் செட்டு வந்துச்சு, பழைய பெரிய பெட்டி டிவி. வீட்ல போட்டா அரை மணி நேரத்துல படம் சுருங்கி நடுவுல ஒரே ஒரு கோடா ஆயிடும்னாரு. கடையில பின் கவர கழட்டி வெச்சி மூணு நாள் ஓட்டுறேன், கோடும் இல்ல ஒண்ணும் இல்ல, படம் ஜம்முனு வருது. திருப்பி அனுப்புனேன், அன்னிக்கு ராத்திரியே போன் பண்ணிட்டாரு வந்துடுச்சுன்னு. ரெண்டாவது தபா அவரு வீட்டுக்கே போனேன். மர ஷோகேஸ்ல உள்ள தள்ளி வெச்சி மேல லேஸ் துணி, பக்கத்துல பொம்மை, காத்து போற வழியே இல்ல. அப்பதான் எனக்கு உறைச்சது, நான் கவர கழட்டி ஃபேனுக்கு கீழ வெச்சி ஓட்டுனா எப்படி வரும். கடைக்கு கொண்டாந்து கவர மூடி மேல போர்வைய போத்தி விட்டேன், 40 நிமிஷத்துல வந்துச்சு பாரு கோடு. உடனே பிரைட்னச கொறச்சிட்டேன், இல்லன்னா அந்த கோடு பிக்சர் டியூப்ல அப்படியே கருகி தங்கிடும். லென்ஸ் வெச்சி பாத்தா, படத்த மேலயும் கீழயும் விரிக்கிற வெர்ட்டிக்கல் ஐசி கால சுத்தி முடி அளவுக்கு மோதிரம் மாதிரி வெடிப்பு. டிரை சால்டர், அதான் ஈயப் பத்து விட்டுப் போறது. சூடானா விரிஞ்சி விட்டுடும், ஆறுனா ஒட்டிக்கும். ஈயம் வெச்சதோட சரி, ஐசி கூட மாத்தல. அதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் அந்த ஐசிய மாத்திகீறாரு, அதே காலுல சரியா பத்த வெக்காம

குமார், 8:31
பெரிப்பா எங்க ஹாஸ்டல் டிவி மார்கழி காலைல மட்டும் ஆன் ஆவாது, சிவப்பு லைட்டு சிமிட்டிகினே இருக்கும், அரை மணி கழிச்சி வரும். அதுவும் டிரை சால்டரா

பெரிப்பா, 8:36
அது உல்டாவா இருக்கு பாரு, குளுருல கம்ப்ளைண்ட் வருது சூடானா சரியாவுது. கெப்பாசிட்டர், அதான் கரண்ட சேத்து வெக்கிற பார்ட்டு, காஞ்சிகினு வருது. உள்ள இருக்கிற திரவம் வத்திட்டா குளுருல வேலை செய்யாது. மெக்கானிக்க விட்டு சப்ளை கெப்பாசிட்டர் மேல ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்ட சொல்லு, உடனே ஆன் ஆச்சுன்னா அதான். நம்ம ஊரு வெயிலுக்கு 85 டிகிரி போட்ட கெப்பாசிட்டர் வேணாம், 105 போட்டதா போட சொல்லு. நீ கை வெக்காத டா. பிளக்க புடுங்குன அப்புறமும் பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும்

பெரிப்பா, 8:38
பாப்பா, எந்தெந்த தேதில வந்துச்சுன்னு ஞாபகம் கீதா. நேரமும் சொல்லு

திவ்யா, 9:10
மாமா அம்மா பால் கணக்கு காலண்டர்ல குறிச்சி வெச்சிருக்காங்க, டிவி கடைக்கு போன தேதி, சவுண்டு ஏறுன தேதி எல்லாம். போட்டோ அனுப்புறேன்

குமார், 9:14
திவ்யா இத நல்லா பாரு, நாலும் வெள்ளிக்கிழமை!! பெரிப்பா நாலு தேதியும் வெள்ளிக்கிழமை

சித்தப்பா, 9:15
அக்கா வெள்ளிக்கிழமன்னா சாம்பிராணி போடுவீங்கல்ல, அந்த பொக உள்ள போவுதோ

திவ்யா, 9:22
ஆயா சொல்றத டைப் பண்றேன். "வெள்ளிக்கெழம ஆனா காலைல வீடு பூரா கழுவுவா, சாமி படத்த தொடைக்கிற ஈரத்துணியிலயே டிவியையும் தொடைப்பா, அதுக்கு மேல ரெண்டு கை தண்ணி தெளிச்சி தேய்ப்பா, நான் வேணாம்னு சொல்லிகினே இருப்பேன்"

காட்பாடி அத்த, 9:25
ஆமா அண்ணா தெளிப்பேன். கொசு பட்ட கறை போவாது அதான். அதுல இன்னா ஆவப்போவுது கண்ணாடிதான

பெரிப்பா, 9:40
கண்ணாடி இல்லம்மா மேல பிளாஸ்டிக் ஷீட்டுதான். தண்ணி திரைல வழிஞ்சி கீழ ஃபிரேம் சந்துக்குள்ள எறங்கும். உன் டிவில பட்டன் எங்க கீது, கீழ நடுவுலதான? ஆனா சாம்பிராணியா தண்ணியான்னு பாத்துடுவோம். வர வெள்ளிக்கிழமை சாம்பிராணி வழக்கம்போல போடு, டிவி மேல ஈரத்துணி மட்டும் படக்கூடாது

வெள்ளிக்கிழமை

காட்பாடி அத்த, இரவு 10:05
அண்ணா சாம்பிராணி ரெண்டு தபா போட்டேன். டிவி சாயங்காலம் 5லேர்ந்து ஓடுது. சவுண்டு அசையவே இல்ல

பெரிப்பா, 10:07
சரி. ஞாயித்துக்கிழமை நான் வரேன். மீட்டர் எடுத்துகினு வரேன், நீ எப்பவும் போல தண்ணி தெளிச்சி தொடை, என் எதுர்ல

ஞாயிற்றுக்கிழமை

குமார், மதியம் 1:20
எல்லாரும் கேளுங்க, நானும் பெரிப்பாவோட காட்பாடி வந்துகீறேன். அத்த தொடைச்சி 20 நிமிஷம் ஆச்சு, சவுண்டு தானா ஏற ஆரம்பிச்சிடுச்சு. ரிமோட்ல பேட்டரி இல்ல. வீடியோ போடுறேன் பாருங்க

குமார், 1:58
பெரிப்பா பிளக்க புடுங்கி கவர கழட்டி பட்டன் போர்டுக்கு போற ஒயர மட்டும் உருவி விட்டுட்டு மறுபடி போட்டாரு. அப்படியே நின்னுடுச்சு. அரை மணி நேரமா சவுண்டு 18லயே கீது

சித்தப்பா, 2:03
அப்ப மெயின் போர்டு நல்லாதான் இருந்திருக்கா

பெரிப்பா, 2:15
பழசும் நல்லாதான் இருந்திருக்கும் தம்பி, 3,800 வீண். எனக்கு மனசு ஆறல. ஒயர உருவி பாக்க ரெண்டு நிமிஷம்.
குமார் கேட்டான்னு சொல்றேன், எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும். ஆறு பட்டன் இருந்தாலும் மெயின் போர்டுக்கு ஒரே ஒரு சிக்னல் ஒயர்தான் போவுது. ஒவ்வொரு பட்டனுக்கும் கரண்ட மட்டுப்படுத்துற ஒரு ரெசிஸ்டர் கோத்திருக்கான். ஒண்ணும் அமுக்கலன்னா அந்த ஒயர்ல 3.3 வோல்ட் நிக்கும். வால்யூம் அமுக்குனா ஒரு அளவுக்கு எறங்கும், சேனல் அமுக்குனா வேற அளவு, பவர்னா வேற. எவ்ளோ எறங்குச்சுன்னு பாத்துதான் எந்த பட்டன்னு செட்டு கண்டுபுடிக்குது. இப்ப சுவிட்சுக்குள்ள ஈரம் பூந்து லேசா கசிஞ்சா பாதி அமுக்குன மாதிரி வோல்டேஜ் எறங்கும். இங்க நான் மீட்டர வெச்சப்ப 2.7, 2.4, 2.1னு ஆடிகினே இருந்துச்சு. அது வால்யூம் அளவுக்கு வரும்போது சவுண்டு ஏறுது, மெனு அளவுக்கு எறங்குனா மெனு, பவர் அளவுக்கு போனா ஆஃப். சனிக்கிழமை அது காஞ்சி போவும், கடைக்கு போவும்போது செட்டு நல்ல புள்ள மாதிரி ஓடும்

குமார், 2:40
பட்டன் போர்ட கழட்டி பாத்தா சுவிட்சு காலுங்க எல்லாம் பச்சை பூத்து கீது. பெரிப்பா ஆறு சுவிட்சும் புதுசா போட்டாரு, ஒண்ணு 5 ரூபா, எப்பவோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குனது பையில இருந்துச்சு. போர்ட பிரஷ்ல கழுவி காய வெச்சி மாட்டியாச்சு. இப்ப மீட்டர்ல 3.3 அசையாம நிக்குது

ஆற்காடு சித்தி, 2:52
அண்ணி நானும் ஈரத்துணிலதான் தொடைக்கிறேன், இனிமே எப்படி தொடைக்கணும் மாமா

பெரிப்பா, 3:05
ஆஃப் பண்ணிட்டு காஞ்ச பருத்தி துணில, அழுத்தாம. கறை போவலன்னா துணிய நனைச்சி நல்லா பிழிஞ்சி அந்த எடத்த மட்டும் தொடை, அப்புறம் காஞ்ச துணி. திரை மேல எதையும் நேரா தெளிக்காத, ஸ்பிரேயும் வேணாம். பாப்பா வீட்ல பட்டனோட போச்சு. அதே தண்ணி பேனல் அடிப்பக்கம் ஒட்டியிருக்கிற ஃபிலிம் கேபிள்ல எறங்கியிருந்தா திரைல கோடு விழுந்திருக்கும், அத மாத்தணும்னா பாதி டிவி காசு ஆவும்

காட்பாடி அத்த, 3:11
அண்ணா சாப்பிட வாங்க, முள்ளு கத்திரிக்கா கொழம்பு ஆறுது. குமாரையும் இட்டுகினு வாங்க

வெள்ளிக்கிழமை

திவ்யா, இரவு 9:02
மாமா ஆயா சொல்ல சொன்னாங்க. அம்மா காஞ்ச துணிலதான் தொடைச்சாங்களாம், இவங்க பக்கத்துலயே நின்னு பாத்தாங்களாம். இப்ப நாடகம் பாத்துகினு இருக்காங்க, சவுண்டு 18