சி.ஆர்.என்.ஐ. தேர்வு: 1,600 மணி நேரத்தில் எது எது சேரும்?

லைன்நர்ஸ்:
மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். சி.ஆர்.என்.ஐ. (இன்ஃப்யூஷன், அதாவது நாளம் வழியே மருந்தும் திரவமும் ஏற்றும் வேலைக்கான நர்ஸ் சான்றிதழ்) விண்ணப்பத்தில் கேட்கும் 1,600 மணி நேரம் ஐ.வி. டீமில் பார்த்த வேலை மட்டும்தானா? கேனுலா (நாளத்தில் செருகும் சிறு குழாய்) போடுவதும் ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதும் வார்டிலேயே தினமும் நடக்கிறதே. பிக் லைன் (கை நாளம் வழியே இதயத்துக்கு அருகே வரை செலுத்தும் நீண்ட குழாய்) போடத் தெரியாமல் தேர்வு எழுதலாமா?

ஃப்ளஷ்10:
ஐ.வி. டீம் என்று கட்டாயமில்லை சிஸ்டர். ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். கடைசி 2 ஆண்டுக்குள் இன்ஃப்யூஷன் சார்ந்த வேலை 1,600 மணி நேரம். இந்த வேலையில் பாடம் எடுப்பது, நிர்வாகம், ஆய்வு ஆகியவையும் சேரும்.

பிக் விஷயம்: தேர்வு கம்ப்யூட்டரில், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். செய்துகாட்டச் சொல்வதில்லை. அதனாலேயே சான்றிதழை வைத்துக்கொண்டு பிக் போட உட்கார்ந்துவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையில் போடவைத்துப் பார்த்த பிறகு மருத்துவமனை தரும் அனுமதி தனி.

சொட்டுக்கணக்கு:
படிக்கும்போது எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தோடு படியுங்கள். மருந்தின் ஆஸ்மோலாரிட்டி (கரைசலின் செறிவு) லிட்டருக்கு 900 மில்லிஆஸ்மோலைத் தாண்டினால் கை நாளத்தில் ஏற்றக்கூடாது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மருந்து நீர்க்காது, நாளத்தின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் உறையும். கேத்திட்டர் (நாளத்துக்குள் செலுத்தும் குழாய்) நாள விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதும் அதே ரத்த ஓட்டத்துக்காகத்தான். 4 ஃப்ரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அளவு) என்றால் 1.33 மி.மீ.; நாளம் 3 மி.மீ. வேண்டும். டூர்னிக்கே (கையை இறுக்கும் பட்டை) கட்டாமல் அளக்க வேண்டும், கட்டினால் நாளம் புடைத்துப் பொய் அளவு காட்டும்.

சொட்டுக் கணக்கில் கோட்டை விடுவது எந்த டிரிப் செட் (மருந்து ஏற்றும் குழாய்) என்று பார்க்காமல்தான். 1,000 மி.லி., 8 மணி நேரம்: மி.லி.க்கு 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 42, மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் 125.

லைன்நர்ஸ்:
கீமோ மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் ஐஸா, சூடா? எப்போதும் குழம்புகிறது.

சொட்டுக்கணக்கு:
அதற்கு முன் இது: மருந்தை நிறுத்துங்கள், கேனுலாவை உடனே உருவாதீர்கள், சிரிஞ்ச் மாட்டி உள்ளே மிச்சமிருப்பதை இழுங்கள். ஃப்ளஷ் செய்யவே (உப்பு நீர் செலுத்தி அலசவே) கூடாது, மிச்ச மருந்தும் திசுவுக்குள் போய்விடும்.

வின்கிரிஸ்டின் என்றால் சூடு, கூடவே ஹையலூரோனிடேஸ் (மருந்தைத் திசுவில் பரவவிடும் நொதி); மருந்து பரவிக் கரைய வேண்டும். டாக்ஸோரூபிசின் திசுவைப் பிடித்துக்கொண்டு அரிக்கும், அது பரவக்கூடாது, ஆகவே ஐஸ். இதற்கு முறிமருந்தான டெக்ஸ்ராசாக்ஸேன் கொடுப்பதானால் 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதைத் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே ஐஸை எடுத்துவிட வேண்டும். சுருங்கிய நாளம் வழியே முறிமருந்து அங்கே போய்ச் சேராது.

ஃப்ளஷ்10:
பழைய நோட்ஸ் வைத்திருந்தால் ஒன்றைத் திருத்துங்கள். தொடர்ந்து ஓடும் சாதாரண செட்டை 72 மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கும். இப்போது 96 மணிக்கு முன் தேவையில்லை, 7 நாளைத் தாண்டவும் கூடாது. அடிக்கடி கழற்றி மாட்டினால்தான் கிருமி நுழையும். ரத்தம் ஏற்றும் செட்டுக்கு இது பொருந்தாது, அது 4 மணி நேரம்தான்.

சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 1,000 மணி நேர வேலையும் 40 பயிற்சிப் புள்ளிகளும் கேட்பார்கள். புள்ளி சேரவில்லை என்றால் மறுபடி தேர்வு.